ஒரே அப்பாவுக்கு மூன்று பெயர்: இயக்கிமுத்து, இசக்கிமுத்து, எசக்கிமுத்து

என் அப்பாவின் பெயர் இசக்கிமுத்து. குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் அப்படித்தான் இருக்கிறது. அவர் 1971-இல் வாங்கிய வயலின் கிரயப் பத்திரத்தில் "சுடலைமுத்து குமாரர் இயக்கிமுத்து" என்று எழுதியிருக்கிறது. அதே வயலின் பட்டாவிலோ "எசக்கிமுத்து, த/பெ சுடலை" என்று இருக்கிறது. அவர் உயிரோடிருந்த வரை இந்த மூவரும் ஒருவர்தானா என்று எவரும் கேட்கவில்லை. 2022-இல் அவர் காலமான பிறகு, ஐந்து மரக்கால் விதைப்பாடு, அதாவது ஏறத்தாழ 40 சென்ட் வயலை என் பெயருக்கு மாற்றப் போனபோதுதான், இவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்று பொருள்படும் பதில் எழுத்திலேயே வந்தது. அம்மா முன்பே தவறிவிட்டார். நான் ஒரே பிள்ளை, கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஆகவே அலைச்சல் முழுவதும் தனியாகத்தான். ஓராண்டுக்கு மேல் பள்ளிக்கு விடுப்புப் போட்டுப் போட்டு அலைந்தேன், கையிலிருந்து ரூ. 35,000-க்கு மேல் கரைந்தது. இசக்கி, பேச்சி, சுடலை, மாடன், முப்பிடாதி என்று பெயர் வைத்த வீடுகள் திருநெல்வேலிச் சீமையில் ஊருக்குப் பாதி இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் பெரியவர்கள் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சிக்கலின் வேர் அதில்தான் இருக்கிறது. ஆச்சிக்கு முதலில் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. ஊருக்குக் கிழக்கே, குளத்தங்கரை வேப்பமரத்தடியில் இசக்கியம்மன் இருக்கிறாள். கோயில் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே சுடுமண் உருவம், அவ்வளவுதான். ஒரு கையில் பிள்ளையை இடுப்போடு அணைத்திருப்பாள், வாயில் இன்னொரு பிள்ளையைக் கவ்வியிருப்பாள். சிறு வயதில் அந்த வாயைப் பார்க்கப் பயந்து நான் காலையே பார்த்துக்கொண்டு கும்பிடுவேன். பிள்ளையைத் தின்கிறவளும் அவள்தான், பிள்ளையைக் காக்கிறவளும் அவள்தான் என்று ஆச்சி சொல்வார். அடுத்த பிள்ளை தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். பிறந்தது ஆண், பெயர் இசக்கிமுத்து. பெண் தெய்வத்தின் பெயரை ஆண்பிள்ளைக்கு வைப்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் எந்தத் தயக்கமும் கிடையாது. இசக்கி என்று மட்டும் பெயர் வைத்துக்கொண்ட ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. இசக்கிப்பாண்டி, இசக்கியப்பன், இசக்கிராஜா என்று நீட்டுவார்கள், பெண்ணென்றால் இசக்கியம்மாள்.

பின்னொட்டாக வரும் முத்தைப் பற்றிப் பலரும் கொற்கையையும் முத்துக்குளிப்பையும் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சிமுத்து, சுடலைமுத்து, மாசானமுத்து என்று கடலையே பார்க்காத உள்நாட்டு ஊர்களிலும் இந்த ஒட்டு நிறைந்து கிடப்பதைப் பார்த்தால், அம்மை போட்ட உடம்பில் எழும்பும் கொப்புளத்தைக்கூட முத்து என்று மரியாதையாகச் சொல்லும் அம்மன் வழிபாட்டுப் பேச்சுக்குத்தான் இது கிட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தெய்வம் தந்த பிள்ளை, அதனால் முத்து.

அப்பா இறந்தது மருத்துவமனையில். இறப்புப் பதிவுக்காக அவர்கள் தயாரித்த விவரத்தாளை என்னிடம் நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அழுகையும் அலைச்சலுமாக இருந்த நேரம், யாருக்கும் வாசிக்கத் தோன்றாது. ஆசிரியை என்பதாலோ என்னவோ, தாளைக் கையில் வாங்கினால் பிழை பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பெயர்: இசக்கி. பாலினம்: பெண். கணினியில் ஏற்றிய பையனுக்கு வெளி மாவட்டம். இசக்கி என்று கேட்டதும் பெண் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். அங்கேயே ஆதார் நகலைக் காட்டி மாற்ற வைத்தேன். அது பதிவாகியிருந்தால் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 15-ஆம் பிரிவின்படி திருத்த மனு, ஆதாரங்கள் என்று தனியாக ஓர் அலைச்சல் தொடங்கியிருக்கும். எனவே வீட்டில் துக்கம் நேர்ந்தால், அழாமல் இருக்கக்கூடிய ஒருவரை, சித்தப்பா மகனோ மைத்துனரோ யாராவது ஒருவரை, அந்தத் தாளை எழுத்தெழுத்தாக வாசிக்கும் வேலைக்கென்றே நிறுத்துங்கள்.

வாரிசுச் சான்றிதழ் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, பெரிய தொல்லை இல்லாமல் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு பட்டா மாறுதலுக்கு மனுப் போட்டேன். சில வாரங்களில் நிராகரிப்பு. பட்டாதாரர் பெயரும் இறந்தவர் பெயரும் மாறுபடுகின்றன, பட்டாவில் தகப்பனார் பெயரும் வேறு, உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை என்று காரணம். சரி, மூல ஆவணத்தையே காட்டுவோம் என்று கிரயப் பத்திரத்தை எடுத்துப் போனேன். அது காரியத்தை இன்னும் கெடுத்தது. "டீச்சர், இது மூணாவது ஆளால்லா இருக்கு? இயக்கிமுத்துன்னு போட்டிருக்கு. நீங்க கேக்கது இசக்கிமுத்து, பட்டா எசக்கிமுத்துக்கு" என்றார் அலுவலர். அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே குழம்பித்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. எழுபது வயது தாண்டியும் நாற்றங்காலில் நின்ற மனிதரை, நீ யார் என்று செத்த பிறகு கேட்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து அன்றிரவு சாப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான் தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார். அரசிதழில் பெயர் மாற்றம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி ரூ. 15,000 வாங்கிக்கொண்டார். மாதக்கணக்கில் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார். கடைசியில் தெரிந்தது என்னவென்றால், அரசிதழ்ப் பெயர் மாற்றம் என்பது உயிரோடிருக்கும் ஒருவர், இனி என்னை இந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று தாமே உறுதி கூறிச் செய்துகொள்வது. இறந்தவருக்காக மகள் அதைச் செய்ய முடியாது. தரகருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். பணம் திரும்பவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. உங்களிடம் யாராவது இறந்தவரின் பெயருக்கு அரசிதழ் என்று பேச்சை எடுத்தால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்துப் பார்த்த வக்கீல், உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு, அதாவது மூவரும் ஒருவரே என்று நீதிமன்றமே அறிவிக்கக் கேட்கும் வழக்கு, போடலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றார். கூடவே அவர் சொன்ன இன்னொரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது. "இந்தச் சொத்து மேல அப்பா எப்பவாவது கடன் வாங்கியிருக்காங்களா? வில்லங்கம் போட்டுப் பாருங்கம்மா" என்றார். வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல். இணையத்தில் எங்கள் சர்வே எண்ணுக்கு 1975 முதல்தான் விவரம் கிடைத்தது, அதில் ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுக் கொடுத்து, பழைய புத்தகங்களில் கையால் தேடி எடுக்கச் சொன்னேன். தேடுகிற ஆண்டுகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கட்டணம் ஏறும். இருந்தாலும் 1970 முதல் கேட்டு வாங்கினேன். கிரயத்துக்குக் கீழே, 1974-இல் ஓர் அடமானப் பத்திரம் இருந்தது. அப்பா கூட்டுறவுக் கடன் வாங்கியிருக்கிறார். பிறகு அடைத்தும் இருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த அடமானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கிப் பிரித்தபோது கை நடுங்கியது. பத்திர எழுத்தர் உள்ளே வரிக்கு வரி "இயக்கிமுத்து ஆகிய நான்" என்று எழுதியிருக்கிறார். அடியில் அப்பா போட்ட கையெழுத்து: சு. இசக்கிமுத்து. அதே முட்டை முட்டையான எழுத்து, 'மு'வின் வாலை நீளமாக இழுத்து 'த்து'வைச் சுற்றிக்கொண்டு போகிற பழக்கம். என் பள்ளி மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழியுமே, அந்த வால். உள்ளே ஒரு பெயர், கையெழுத்தில் இன்னொரு பெயர், ஒரே சர்வே எண், ஒரே நான்கெல்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கிரயப் பத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் இது கிடைத்திருக்காது, ஏனென்றால் பழைய கிரயப் பத்திரங்களில் பெரும்பாலும் விற்றவர்தான் கையெழுத்துப் போட்டிருப்பார், வாங்கியவர் கையெழுத்து இருக்காது. பெயர்ச் சிக்கல் உள்ளவர்கள் அடமானம், கூட்டுறவுச் சங்கப் பதிவேடு, வங்கியின் மாதிரிக் கையொப்ப அட்டை என்று உரியவர் தாமே கையெழுத்திட்ட தாளைத்தான் தேட வேண்டும்.

எசக்கிமுத்துக்கு வேறு ஆதாரம் வேண்டியிருந்தது. பட்டாவில் உள்ள அந்த எழுத்து 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வார்களே, அப்போது ஏறியது. வாயால் சொன்னதைக் கேட்டவர் அப்படியே எழுதியிருக்கிறார். தாத்தா பெயரிலும் முத்தை விட்டுவிட்டார். அப்பாவின் டிரங்குப் பெட்டியில், கம்பியில் கோத்து வைத்த தீர்வை ரசீதுகள், அதாவது கிஸ்து என்னும் நிலவரி கட்டிய ரசீதுகள், இருந்தன. ஒன்றில் இசக்கி, அடுத்ததில் எசக்கி, ஆனால் பட்டா எண் ஒன்று. செல்லரித்தவை போக மிச்சமிருந்ததை எல்லாம் நகலெடுத்தேன். தயவுசெய்து கிஸ்து ரசீதுகளைப் போகிக்கு எரிக்காதீர்கள்.

இனி இந்த மூன்று எழுத்து எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். இந்த ஆதாரங்களோடு மறுபடி போட்ட மனுவில் ஒரு பக்கம் முழுக்க இதைத்தான் எழுத வேண்டியிருந்தது. இயக்கிதான் பழைய வடிவம். யட்சி என்ற வடசொல்லே தமிழில் இயக்கி ஆயிற்று என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரையின் புறஞ்சேரியில் "பூங்கண் இயக்கிக்குப் பான்மடை கொடுத்து"த் திரும்பும் இடைக்குல முதுமகள் மாதரியிடம்தான் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைக்கிறார். பாற்சோறு படைத்து வணங்கப்பட்ட தெய்வமாக அவள் அப்போதே இருந்திருக்கிறாள். சமணத்தில் தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் காவலாக ஓர் இயக்கி உண்டு. நேமிநாதரின் இயக்கியான அம்பிகை குழந்தைகளோடு காட்டப்படுபவள். கழுகுமலைப் பாறையில் அவள் உருவத்தை இன்றும் பார்க்கலாம். சமணம் இந்தச் சீமையை விட்டுப் போய்விட்டது, பிள்ளையோடு நிற்கும் அம்மன் மட்டும் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டாள் என்று சொல்பவர்களின் கருத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் இதை நினைத்துப் பார்ப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். இணையத்துப் பெயர்ப் பட்டியல்கள் இசக்கி என்றால் உலகை இயக்குபவள் என்று எழுதிவைத்திருக்கின்றன. பக்திக்கு அது இருக்கட்டும். பெயரின் வரலாற்றுக்கு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

இயக்கி எப்படி இசக்கி ஆகும் என்று கேட்டால், உயிர் உசிரு ஆகிறது, உயரம் ஒசரம் ஆகிறது, அப்படித்தான். நடுவில் வரும் யகரம் நம் பேச்சில் சகரமாகிவிடுகிறது. இசக்கி ஏன் எசக்கி ஆகிறது? இலை எலை ஆகிறது, இடம் எடம் ஆகிறது, இறங்கு எறங்கு ஆகிறது. ஆக மூன்றும் ஒரே பெயர். படித்த பத்திர எழுத்தர், கொச்சையாக எழுதக் கூடாது என்று ஏட்டு வழக்குக்கு மாற்றினார், யூ.டி.ஆர். காலத்தில் வந்தவர் காதில் விழுந்தபடி எழுதினார்; நடுவில் உள்ளது அப்பா தம் கையால் எழுதியது. கொடை விழாவில் வில்லுப்பாட்டுப் பாடும் ஒரு பெரியவரிடம் இயக்கியா, இசக்கியா என்று கேட்டபோது, "நாங்க ஒரே பாட்டுல ரெண்டும் பாடுவோமே, தாயி. எதுகைக்கு எது வருதோ அது" என்று சிரித்தார்.

மனுவை விசாரித்த அதிகாரி வட மாவட்டத்துக்காரர். அந்தப் பக்கத்தை நிறுத்தி வாசித்தார், மாதரியின் இடத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் அவரை இணங்க வைத்தது சிலப்பதிகாரம் இல்லை, அடமானப் பத்திரத்துக் கையெழுத்துதான். பெயரின் வரலாறு குழப்பம் ஏன் வந்தது என்று விளக்கும், அவ்வளவே. தீர்த்து வைப்பது தாள். நோட்டரி முன்னிலையில் "இயக்கிமுத்து என்கிற இசக்கிமுத்து என்கிற எசக்கிமுத்து" ஒருவரே என்று நான் கொடுத்த பிரமாணப் பத்திரம், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வயலுக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நிலத்துக்காரர்களின் வாக்குமூலம், ரசீதுகள், அடமான நகல், எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, எந்தத் தாளில் எந்தப் பெயர் என்று ஓர் அட்டவணையும் வைத்திருந்தேன். அட்டவணையைப் பார்த்ததும் அவருக்கு வேலை எளிதாகிவிட்டது. முதலில் பட்டாவில் பெயர்த் திருத்தம், பிறகு வாரிசு முறையில் மாறுதல். இரண்டையும் ஒரே மனுவில் கேட்டதால்தான் முன்பு மனு அங்கும் இங்குமாக ஓடிக்கொண்டிருந்தது என்றும் அவரே சொன்னார். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

பெரியவர்கள் உயிரோடிருக்கும் வீடுகளில் இதற்கு இவ்வளவு அலைச்சல் வேண்டியதில்லை. எல்லா ஆவணங்களையும் ஒரு பாயில் பரப்பி, பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அவரையே வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்கையும் பட்டாவையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். உயில் எழுதினாலும் தானம் எழுதினாலும் "என்கிற" போட்டு எல்லா வடிவங்களையும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள், பத்திர எழுத்தர் தேவையில்லை என்றாலும் விடாதீர்கள். ஆங்கில எழுத்தில் சிக்கல் இன்னும் கூடும். அப்பாவின் வங்கிப் புத்தகத்தில் பெயரை இரண்டாக உடைத்து அச்சிட்டிருந்தார்கள். சென்னையில் ஓர் அலுவலகத்தில் அதன் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு, ஐசக் என்பது உங்கள் அப்பாவா, நீங்கள் கிறிஸ்தவர்களா என்று கேட்டார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஈசாக்கு என்று பெயருள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு. அது எபிரெயப் பெயர், சிரிப்பவன் என்று பொருள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிதாகப் பெயர் வைப்பவர்களுக்கும் ஒன்று. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம், விட்டுவிட வேண்டாம். நாகரிகமாக இல்லை என்று இசக்கியையும் சுடலையையும் ஒளிப்பவர்களோடு எனக்கு ஒட்டாது. ஆனால் தொட்டிலில் போடும் முன்பே தமிழில் இப்படி, ஆங்கிலத்தில் இப்படி என்று ஒரே எழுத்தை முடிவு செய்து தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், வாயால் சொல்லாதீர்கள். பெயரில்லாமல் பதிவான பிறப்பில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்தத் தேதி முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என்று பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் விழுகிற எழுத்துதான் கடைசிவரை கூட வரும்.

பட்டா இப்போது என் பெயரில் இருக்கிறது. அதிலும் பார்த்தால், என் பெயருக்குப் பின்னால் "த/பெ இசக்கிமுத்து" என்று சரியாக இருக்க, என் பட்டச் சான்றிதழில் முதலெழுத்து 'எ', ஆதாரில் 'இ'. நான் உயிரோடிருப்பதால் எனக்கு அரசிதழ் வழி திறந்திருக்கிறது. பள்ளியில் கோடை விடுமுறை விட்டதும் அந்த விண்ணப்பத்தைத் தரகர் இல்லாமல் நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.